அஞ்சலாட்சிக்குப் போன தேதி

குமாரு,

பம்பாய் வேலைக்கான உத்தரவு வந்த மறுநாள், நீ சாப்பிட்டுக்கொண்டே ஒரு நீளமான கம்ப்யூட்டர் தாளை என் முன்னால் விரித்து வைத்தாய். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்காக உங்கள் கம்பெனி எழுதும் புரோகிராம் அது என்றாய். ரத்தம், சளி எல்லாம் சோதித்த பிறகு நோயாளிக்குப் போகிற கடிதத்தை மிஷினே தயாரித்துவிடும். "வார்த்தையெல்லாம் ஒண்ணுதாம்மா. பேரு, வயசு, ரிசல்ட்டு, திரும்பி வர வேண்டிய தேதி, இந்த நாலு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அதது அதனதன் இடத்துல வந்து உக்காந்துக்கும்" என்று விரலால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினாய். நான் தலையாட்டினேன். அன்று நான் பாதிச் சோற்றோடு எழுந்து போனதை நீ உன் பிரிவை நினைத்து நான் வருத்தப்படுவதாக எடுத்துக்கொண்டாய். "அம்மா, லீவுக்கு வந்துருவேம்மா" என்று பின்னாலேயே வந்து சொன்னாய். அது காரணமில்லை. உன்னிடம் நேரில் சொல்ல முயன்றேன். இரண்டு தடவை வாய்வரை வந்து நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன். இருபத்தைந்து வருடம் அடுத்தவர் எழுதிக் கொடுத்த கடிதத்தையே தட்டச்சு செய்து பழகிய கை இது. சொந்தமாக எழுதினால் அப்படியும் இப்படியும்தான் போகும். பொறுத்துக்கொண்டு படி.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில் என்று உனக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரன் போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அப்போதும் இதே வேலைதான், மிஷின் மட்டும் இல்லை. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் நூறு, இருநூறு என்று ஒரே கடிதத்தை ஓட்டுவோம். பெயருக்கும் ஊருக்கும் தேதிக்கும் புள்ளிக்கோடு விட்டிருக்கும். பிறகு நாலு பேர் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு கோட்டின் மேலும் பேனாவால் எழுதுவோம். அந்த வேலை சலிப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பெயரும் நம் கை வழியாகப் போகும். 'இது பாகூர் பொண்ணு, இவ அப்பா பேரும் நம்ம அப்பா பேரும் ஒண்ணு' என்று ஏதாவது தோன்றும். பதிவேட்டில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் பேனா தானாக நின்றுவிடும். அந்தக் கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பதிவேட்டை வைத்திருக்கும் மேஜைக்காரரைக் கேட்போம். பேனா அப்படி நின்றது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உன் அப்பா இறந்து மூன்றாவது வருடம் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதைக் கற்றுக்கொள்ள ஓர் ஆளைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றபோது ஆண்கள் யாரும் வீட்டை விட்டுவிட்டு மூன்று மாதம் போகத் தயாராக இல்லை. நான் உன்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். நாற்பத்திரண்டு வயதில், உன்னைவிடக் கொஞ்சம் பெரிய பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். திரும்பி வந்ததும் ஹெட் கிளார்க் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ஒரு பொம்பளைய நம்பி இத்தினி பெரிய மிஷின குடுக்கறாங்க, இன்னா ஆவுதுன்னு பாப்போம்" என்றார். ஒரு வருடத்துக்கு என்னைத் தற்காலிகமாகத்தான் அந்த அறையில் உட்கார வைத்திருந்தார்கள். சரியாகச் செய்தால் நிரந்தரம். இல்லையென்றால் பழைய டைப்ரைட்டருக்கே திரும்ப வேண்டியதுதான். நீ பள்ளிக்கூடத்தில் "எங்கம்மா கம்ப்யூட்டர்ல வேல செய்றாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. இதையெல்லாம் நான் செய்ததற்கு நியாயமாகச் சொல்லவில்லை. எந்தப் பயத்தில் செய்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருடம் உதவிச் செவிலியர் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். நானூறுக்கு மேல் பெண்கள் மனுப் போட்டிருந்தார்கள். நேர்முகம் எங்கள் அலுவலகத்திலேயே நாலு நாள்; ஒவ்வொரு கொம்யூன் வட்டாரத்துக்கும் ஒரு நாள். திங்கள் வில்லியனூர், செவ்வாய் மண்ணாடிப்பட்டு, புதன் பாகூர், வியாழன் அரியாங்குப்பம். அழைப்புக் கடிதங்களை மிஷினில் போடும்படி எனக்கு உத்தரவு. நீ இப்போது எழுதுகிற மாதிரியேதான் நானும் எழுதினேன். கடிதம் ஒன்று; அதில் பெயர், தகப்பன் பெயர், ஊர், தேதி மட்டும் மாறும். கொம்யூன் பெயரைப் பார்த்து மிஷின் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பத்துக் கடிதங்களை எடுத்துச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டு அதிகாரியே அறைக்குள் வந்து நின்று பார்த்தார். நாலு பேர் ஒரு வாரம் செய்கிற வேலை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. அன்று மாலை உனக்கு மசால் வடை வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கு என்று நீ கேட்கவில்லை.

நான் எதைக் கவனிக்கவில்லை என்பதை உனக்குச் சொன்னால் உடனே புரியும். அலுவலக இங்கிலீஷில் அந்தக் கொம்யூனுக்குப் பெயர் மண்ணாடிப்பெட். ஊர்க்காரர்கள் வாயில் அது மண்ணாடிப்பட்டு. காட்டேரிக்குப்பத்திலிருந்து மனுப் போட்ட அஞ்சலாட்சி என்கிற பெண், தன் ஊரை வாயால் எப்படிச் சொல்வாளோ அப்படியே இங்கிலீஷில் எழுதியிருந்தாள். அதை அப்படியே மிஷினில் ஏற்றிவிட்டோம். என் புரோகிராமுக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரியாத பெயர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் அதற்குச் சொல்லியிருக்கவில்லை. ஆகவே அது நிற்கவில்லை. தேதி இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு முந்தின கடிதத்தின் தேதி அழியாமல் அப்படியே இருந்தது. அகரவரிசையில் அவளுக்கு முன்னால் இருந்தவள் அரியாங்குப்பத்துப் பெண். அவளுடைய வியாழக்கிழமை இவளுக்கும் அச்சாகிவிட்டது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத கடிதம். புள்ளிக்கோடு வெறுமையாக இருந்தால்கூட யாராவது கேட்டிருப்பார்கள்.

எனக்கு எச்சரிக்கை வராமலும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பியூன் முனுசாமி வந்து, "அம்மா, பாகூர் பொண்ணு ஒண்ணு வந்து நிக்குது. லெட்டர்ல இன்னிக்குத்தான் போட்டிருக்குதாம்" என்றார். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அது சரியா பாத்திருக்காது. நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பெண் திரும்பிப் போய் மறுநாள் வந்தாள். அவளும் ஊர்ப் பெயரை வாயில் வருகிற மாதிரி எழுதியவள்தான்; முந்தின கடிதத்தின் செவ்வாய்க்கிழமை அவளுக்கு அச்சாகியிருந்தது. அப்போதே அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்திருந்தால், அன்று மத்தியானத்துக்குள் ஒரு ஆளைச் சைக்கிளில் காட்டேரிக்குப்பத்துக்கு அனுப்பியிருக்கலாம்.

வியாழக்கிழமை அஞ்சலாட்சி தன் அப்பாவோடு வந்தாள். அவளுடைய கடிதத்தை முனுசாமி வாங்கி, பட்டியலோடு ஒத்துப்பார்க்க என்னிடம் கொண்டுவந்தார். பதிவேட்டைப் பார்த்துக் கையால் எழுதிய அந்தப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே செவ்வாய்க்கிழமையே 'வரவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. கடிதத்தைப் பார்த்த அந்தக் கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்து நாலு அடி நடந்தால் அதிகாரியின் அறை. 'சார், தப்பு என்னுடையது. இந்தப் பெண்ணை இன்றைக்கு உள்ளே விடுங்கள்' என்று சொன்னால் போதும். அவர் கத்தியிருப்பார், ஆனால் விட்டிருப்பார். நான் அந்தக் கடிதத்தை நாலாக மடித்து மேஜையின் இழுப்பறையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட புடவை. மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தாள். சர்டிபிகேட்டெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். "உங்க கொம்யூனுக்குச் செவ்வாய்க்கிழமையே முடிஞ்சு போச்சும்மா" என்றேன்.

"இல்லீங்கம்மா. வியாழக்கிழமைன்னு போட்டிருந்துச்சு. நாலு தபா படிச்சேங்க."

"நீ சரியா பாத்திருக்க மாட்டே. எல்லாருக்கும் மிஷின்ல போட்ட லெட்டரு. மிஷினு தப்புப் பண்ணாது."

இதைச் சொன்னது நான்தான். இந்த வாயால் சொன்னேன்.

"அந்த லெட்டரக் குடுங்கம்மா, எங்கப்பா கையில காட்டிடறேன்" என்றாள். அது ஆபீசில் சேர்ந்துவிட்டது, திரும்பத் தர முடியாது என்றேன். அவள் அப்பா தனக்கோட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் மகள் பக்கம் திரும்பி, "ஒரு தேதியப் பாக்கத் தெரியல. உன்னப் படிக்க வெச்சு இன்னாடி பிரயோசனம்?" என்றார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கங்கம்மா. உங்க வேலயக் கெடுத்துட்டோம்" என்று சொல்லிவிட்டு, மகளை முன்னால் விட்டு நடந்து போனார். குமாரு, உன் அப்பா செத்த அன்றுகூட நான் அப்படிக் குறுகிப்போய் நின்றதில்லை.

எல்லோரும் போன பிறகு, மாலையில் உட்கார்ந்து அந்தப் புரோகிராமைத் திருத்தினேன். ஒவ்வொரு கடிதத்தையும் தொடங்கும் முன் தேதி இருக்கும் இடத்தைத் துடைத்து வெறுமையாக்க ஒரு வரி. கொம்யூன் பெயர் அடையாளம் தெரியாவிட்டால் அச்சிடாமல் நின்றுவிட இன்னொரு வரி. இரண்டே வரி. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதே மாதத்தில்தான் நீ கணக்குப் பரீட்சையில் தோற்றுப்போய், ரிப்போர்ட் கார்டில் என் கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போய் மாட்டிக்கொண்டாய். உன்னை விசிறிக் காம்பால் அடித்தேன். "தப்புப் பண்ணினா பண்ணினேன்னு சொல்றதுக்கு இன்னாடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். "என் தப்புத்தாம்மா" என்று நீ சொன்ன பிறகும் என் கை நிற்கவில்லை. ஏன் இவ்வளவு அடித்தேன் என்று நீ பிறகு ஒருநாள் கேட்டாய். இப்போது தெரிந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து என்னை நிரந்தரமாக்கினார்கள். அஞ்சலாட்சிக்கு அதுதான் கடைசி வருடம் என்று அவளுடைய மனுவைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். அடுத்த ஆளெடுப்பில் வயது தாண்டியிருக்கும். 'வேறு ஏதாவது வேலை கிடைத்திருக்கும்' என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லிச் சொல்லியே ஐந்து வருடத்தை ஓட்டிவிட்டேன். கடிதம் மட்டும் இழுப்பறையிலேயே இருந்தது. கிழித்துப் போடவும் முடியவில்லை.

நீ அந்தத் தாளை விரித்துக் காட்டிய அடுத்த ஞாயிறு, திண்டிவனத்தில் ஒரு கல்யாணம் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேனே, அது பொய். காட்டேரிக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். டீக்கடையில் விசாரித்தபோது, "தனக்கோட்டி பொண்ணா? அவரு போயி ரெண்டு வருசமாவுதே. அது கொல்லையில கரும்புச் சோகை உரிக்குது பாருங்க" என்று கரும்புத் தோட்டத்தைக் காட்டினார்கள். போய்ப் பார்த்தேன். புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, முகத்திலும் கையிலும் கரும்புத் தோகை கீறிய கோடுகள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்க அந்த ஆபீசு அம்மாதானே?"

கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "இன்னா போட்டிருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"நீயே படிம்மா."

"நான் இப்பல்லாம் எதையும் படிக்கிறதில்ல. பஸ் போர்டக்கூட யாரையாவது கேட்டுத்தான் ஏறுறேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கி அப்படி ஆனதிலேருந்து, நான் ஒண்ணு படிச்சா அது அப்படித்தான் இருக்குமான்னு எனக்கே தெரியல."

பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்தாள். "வியாழன்" என்றாள். "வியாழன்தான்." எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறையில் வைத்ததையும் சொன்னேன். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் கேட்டது இதுதான்: "எங்கப்பா சாவுற வரைக்கும் என்னெ முட்டாள்னே சொல்லிட்டிருந்தாரு. ரெண்டு வருசம் முன்னாடி வந்திருக்கக்கூடாதா?"

வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை; அது சரிதான். உரித்த சோகையை அள்ளி ஓரமாகப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் நடந்ததையெல்லாம் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். இப்போது இருப்பவர் புது ஆள். "எதுக்கும்மா பழச கிளறுறீங்க? இன்னும் பத்து வருசம் சர்வீசு இருக்கறப்ப?" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டதால் விசாரிக்க வேண்டியதாயிற்று. போன திங்கட்கிழமை அஞ்சலாட்சியையும் கூப்பிட்டார்கள். அதே நீலப் புடவையோ, அதைப் போல இன்னொன்றோ, தெரியவில்லை. விசாரணை அரை மணி நேரம்தான். என்னைக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து தபால் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். கண்ணுக்கு நல்லதல்ல என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டதாக உன்னிடம் சொன்னேன், அதுவும் பொய். இதோடு உன்னிடம் சொல்ல என் கையில் வேறு பொய் இல்லை. அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வருடத்துப் பட்டியல் முடிந்த கதை, வயது தாண்டிவிட்டது, சட்டத்தில் இடமில்லை என்றார்கள். அவள், "நான் சரியாத்தான் படிச்சேன்னு ஒரு பேப்பர் குடுப்பீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள். அப்படி ஒரு சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

அவளை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு நான் பழைய தமிழ் டைப்ரைட்டருக்குப் போனேன். எத்தனையோ ஆயிரம் கடிதம் அடித்திருக்கிறேன். ஒரே ஒரு ஆளை நினைத்து, அவளுக்கென்று மட்டும் அடித்தது அன்றுதான். 'காட்டேரிக்குப்பம் தனக்கோட்டி அவர்கள் மகள் அஞ்சலாட்சிக்கு அனுப்பப்பட்ட கடிதத்தில் வியாழக்கிழமை என்றே அச்சாகியிருந்தது. அவர் அதைச் சரியாகவே படித்தார். தவறு என்னுடையது. அதை மறைத்ததும் நானே.' கீழே என் பெயரும் கையெழுத்தும். அலுவலக முத்திரை வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. அதையும் அவளிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.

நீ போகிற வேலையை விட்டுவிடு என்று சொல்ல வரவில்லை. நீ என்னைவிடக் கெட்டிக்காரன். நான் மறந்த இரண்டு வரியை நீ மறக்கமாட்டாய். ஆனால் நீ தயாரிக்கிற கடிதம் யாரோ ஒருவனுக்கு உயிர் விஷயமாக இருக்கும். முந்தின ஆளுடைய நல்ல சேதி இவனுக்குப் போய்விடக்கூடாது; அவனுடைய சாவுச் சேதியும் போய்விடக்கூடாது. தெரியாத பெயர் ஒன்று வந்தால் உன் மிஷின் நிற்கட்டும். தாமதத்துக்கு யாராவது உன்னைத் திட்டினால் திட்டட்டும். தப்பாக எழுதினவன் என்று ஒருவனை ஒதுக்குவதற்கு முன், அவன் தன் ஊரைத் தன் வாயால் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறானா என்று பார். எவளாவது ஒருத்தி ஒருநாள் முன்னதாகவே வாசலில் வந்து நின்றால் எழுந்து போய் அவள் கையில் இருக்கும் காகிதத்தை வாங்கிப் பார். எவ்வளவு பார்த்தாலும் ஒருநாள் தப்பு வரும். வரும்போது அதிகாரியின் அறை நாலு அடி தூரத்தில்தான் இருக்கும். என்னால் நடக்க முடியாமல் போன தூரம் அதுதான்.

அன்று அவளோடு நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நின்றபடியே அந்தக் காகிதத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை, வாய்விட்டு, மெதுவாகப் படித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. போர்டைத் தானே பார்த்து ஏறினாள். நம் பக்கத்தில் எவ்வளவு கோபமாக இருந்தாலும் கிளம்புகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அவள் 'வரேன்' என்று சொல்லவில்லை. பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் நின்று பார்த்தேன்.

நாளைக் காலை நீ கிளம்புவாய். இதை இன்றே படித்துவிடு. படித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டும்போது மட்டும், உனக்கு மனது வந்தால், "வரேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.

அம்மா